‘ஒருவேளை’ வெனெத்தா

யாவொர்னா நகராட்சியின் இணையதளத்தில் ‘ஒருவேளை’ என்ற சொல்லைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. ‘அநேகமாக’ கிடைக்காது. ‘திறக்கப்படலாம்’, ‘மூடப்படலாம்’, ‘வரக்கூடும்’ எதுவும் கிடையாது. அவ்வளவு நிச்சயம் நிறைந்த ஊரா என்றால், பத்து மணிப் பேருந்து பத்தரைக்கு வந்தாலே கைதட்டுகிற ஊர். அந்தச் சொற்களை எழுதினால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளாது, விஷயம் அவ்வளவுதான். அப்படியொரு தடையைக் கேட்டு வாங்கி வைத்தவள் வெனெத்தா.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வயதில் நகராட்சியில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தாள். அதன்பிறகு ஏழு நகரத் தலைவர்கள் வந்து போனார்கள். தட்டச்சு இயந்திரமும் போனது. அவள் போகவில்லை. கணவன் தக்காளி பறிக்க ஸ்பெயினுக்குப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தையும் பறித்துக்கொண்டுவிட்டான். பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று மிச்சமிருப்பது ஆறு வயது இளைய தம்பி ஸ்தாமென் ஒருவன்தான். இரண்டு மாடி வீட்டில் மேலே அவள், கீழே அவன். தச்சு வேலை செய்கிறவன், வாய் ஓயாதவன். ஆட்டுக்குட்டியை முழுசாகக் கம்பியில் கோத்துச் சுடுவதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவனை அடிக்க ஆள் கிடையாது.

இணையதளத்தை அமைத்துக் கொடுத்தவன் ஒக்னியான். பதினோரு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திரும்பி வந்தவன். நகராட்சிக் கணினியிலிருந்து அணையின் நீர்மட்டக் கருவிவரை எல்லாவற்றுக்கும் அவன் ஒருவனே வைத்தியன். அவன் செய்த ஏற்பாடு சுலபமானது. ஊரின் அறிவிப்புகள் எல்லாம் ஒரு களஞ்சியத்தில் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது அதிலேயே பதிவாகும். வெனெத்தா வரைவுக்கென்று இருக்கும் பக்கக் கிளை ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும்வரை அது அவளுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவிலான சங்கதி. அதை முதன்மைக் கிளையோடு இணைத்துவிட்டால் இயந்திரம் விழித்துக்கொள்ளும். தானே எடுத்து, தானே பக்கமாகக் கட்டி, இரண்டே நிமிடத்தில் தளத்தில் போட்டுவிடும். பெயர் கொடுத்து வைத்திருப்பவர்களின் கைப்பேசிகளில் மணியும் அடித்துவிடும். நடுவில் ஆள் கிடையாது. மூன்று கையெழுத்துக்காக மூன்று மாடி ஏறி இறங்கிப் பழகிய வெனெத்தாவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. போன வருடம் கெயோர்கி திருநாள் வரைக்கும்தான்.

மே ஆறாம் தேதி, கெயோர்கி திருநாள் அன்று, யாவொர்னாவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. ஊரே ப்யாலா ஆற்றங்கரைப் புல்வெளியில் இருக்கும். மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கம்பளம் விரித்து, குழி தோண்டித் தணல் போட்டு, ஆடு சுட்டு, பச்சைப் பூண்டைக் கடித்துக்கொண்டு, பழச்சாராயம் குடித்துக்கொண்டு இருப்பார்கள். போன வருடம் அன்றைக்கு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த வெனெத்தா, வெள்ளக் காலத்துக்கு உதவும் என்று ஒரு மாதிரி அறிவிப்பு எழுதினாள். ‘இன்று மதியம் ஒருவேளை அணைக்கதவு திறக்கப்படலாம். புல்வெளியை விட்டு விலகவும்.’ பக்கக் கிளையில் போடவேண்டியதை முதன்மைக் கிளையில் போட்டுவிட்டாள்.

வரைவு எது, வாக்கு எது என்று இயந்திரத்துக்கு என்ன தெரியும்? எண்ணூறு கைப்பேசிகள் ஒரே நேரத்தில் மணியடித்தன. ‘ஒருவேளை’யை ஒருவரும் படிக்கவில்லை, ‘அணை’யை எல்லோரும் படித்தார்கள். பாதி வெந்த ஆட்டைக் கம்பியோடு தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஸ்தாமென் கரைக்கல்லில் வழுக்கி விழுந்தான். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அணை திறக்கவே இல்லை. ஒரு ‘ஒருவேளை’யால் ஊருக்கே ஒரு வேளைச் சாப்பாடு கரியானது. அன்றிலிருந்து அவளுக்கு ‘ஒருவேளை’ வெனெத்தா என்று பெயர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

“இனிமே நம்ம தளத்துல இருக்கு, இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் வரணும்” என்று நகரத் தலைவர் மேசையைத் தட்டினார். அவர் தட்டாவிட்டாலும் வெனெத்தா அதைத்தான் செய்திருப்பாள். ஒக்னியானிடம் அவளே போய் நின்றாள். இழுபறிச் சொல் எது வந்தாலும் அறிவிப்பை வெளியே விடாதபடி ஒரு சோதனையை அவன் எழுதி வைத்தான். சொற்பட்டியலை அவளே கொடுத்தாள், நாற்பத்தோரு சொற்கள். ஸ்தாமென் அவளை ஒருநாளும் திட்டவில்லை. விறைத்த முழங்காலோடு கைத்தடி ஊன்றி மாடிப்படியின் அடியில் நின்று, “அக்கா, இன்னிக்கு மழை வருமா, ஒருவேளையா?” என்று கேலி பேசுவான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வருடமும் திருநாளன்று அலுவலகத்தில் இருக்கிறேன் என்று அவளே பெயர் கொடுத்தாள். ஊர் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் காரணம். முந்தின இரவு மலைமேல் இடி இடித்தது. காலையில் ஊருக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. பத்தே முக்காலுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. ஆறு கிலோமீட்டர் மேலேயுள்ள அணையிலிருந்து காவல்காரர் மித்யு.

“வெனெத்தா, மேல ராத்திரி கொட்டித் தீர்த்துடுச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. பன்னெண்டு மணிக்குக் கதவைத் தூக்க வேண்டியிருக்கும்போல.”

“போலன்னா என்ன அண்ணே? தூக்குவீங்களா, மாட்டீங்களா?”

“நீர்மட்டக் கருவி மக்கர் பண்ணுது. ஒக்னியான் வந்துக்கிட்டு இருக்கான். அவன் பார்த்ததும் சொல்லிடுறேன். பதினொண்ணேகாலுக்குள்ள சொல்லிடுறேன்.”

“அண்ணே, இன்னிக்குத் திருநாள். ஊரே கீழதான் இருக்கு.”

“தெரியாமலா உன்னைக் கூப்பிடுறேன்?”

வெனெத்தா களஞ்சியத்தைத் திறந்து பக்கக் கிளை ஒன்றைத் தொடங்கினாள். பக்கக் கிளைதானா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டாள். சூடு கண்ட பூனை அல்லவா. ‘இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு’ என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்தாள். பதினொன்று ஆனது. பதினொன்றே கால் ஆனது. தொலைபேசி அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிரில்லை. இரவு இடியில் ஏற்கனவே பாதி அறுந்திருந்த கம்பி இப்போது முழுசாகப் போயிருந்தது.

மித்யுவின் கைப்பேசி கிடைக்கவில்லை. ஒக்னியானுடையதும் கிடைக்கவில்லை. அணைப்பக்கம் மலை மறைக்கும், அங்கே சமிக்ஞை வருவது அதன் இஷ்டம். நகரத் தலைவரை அழைத்தாள். அவர் புல்வெளியில்தான் இருந்தார், பின்னால் துருத்தி வாத்தியம் முழங்கியது.

“திறக்கிறாங்களா?”

“இன்னும் சொல்லலைங்க. ஆனா மித்யு அண்ணன் சொன்ன தொனி...”

“தொனியா? வெனெத்தா, போன வருஷம் பட்டது போதாதா? போன வருஷத்துக்கு அப்புறம் நீ சொல்லி யாரு நகருவாங்கன்னு நினைக்கிற? உறுதியா தெரிஞ்சா சொல்லு. இல்லைன்னா ஜனங்களை நிம்மதியா சாப்பிட விடு.”

ஸ்தாமெனை அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கையெல்லாம் கொழுப்பாக இருக்கும். அவன் எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியும். புல்வெளியின் கடைசியில், பழைய மாவு ஆலைக்குக் கீழே, ஆறு வளைகிற இடம். அங்கேதான் காற்று அடிக்காது, தணல் நின்று எரியும் என்று வருடாவருடம் அந்த இடத்தைப் பிடிப்பான். அங்கிருந்து சாலைக்கு ஏற நல்ல காலுள்ளவனுக்கே பத்து நிமிடம் ஆகும். கைத்தடிக்காரனுக்கு அரை மணி.

முடிந்த வரைக்கும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். ‘பன்னிரண்டு மணிக்கு ஒருவேளை அணை திறக்கப்படலாம்’ என்று எழுதி முதன்மைக் கிளையோடு இணைத்தாள். இயந்திரம் ஓடியது. பத்து வினாடியில் சிவப்புப் பெருக்கல் குறி. ‘நிறுத்தப்பட்டது. இரண்டாம் வரி: உறுதியற்ற சொல்.’ ‘ஒருவேளை’யை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள். ‘திறக்கப்படலாம்’ என்பதும் பட்டியலில் இருந்தது. சிவப்பு. ‘வாய்ப்பு உண்டு’ என்று மாற்றினாள். அதையும் அவளே போட்டிருந்தாள், முப்பத்தேழாவது சொல். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். வெறுமனே ‘எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று போட்டால் இயந்திரம் விடும். ஆனால் அந்த வரி மார்ச் மாதத்திலிருந்தே தளத்தின் உச்சியில் கிடக்கிறது. அதைப் பார்த்து இதுவரை ஒரு நாய்கூட ஆற்றோரத்தை விட்டு நகர்ந்ததில்லை.

மணி பதினொன்று முப்பத்தொன்று. அப்போது கைப்பேசி அதிர்ந்தது. ஒக்னியான், முகம் தெரிகிற அழைப்பு.

எடுத்தாள். படம் வந்தது, சத்தம் வரவில்லை. சதுரம் சதுரமாக உடைந்த ஒக்னியானின் முகம், பின்னால் அணையின் சிமெண்டுச் சுவர், ஓரத்தில் மித்யுவின் தொப்பி. “கேக்குதா? ஒக்னியான், கேக்குதா?” என்று கத்தினாள். அவன் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்த காலண்டரைத் திருப்பி, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அணை திறக்கிறீர்களா?’ என்று எழுதிப் படக்கருவிக்கு நேராகப் பிடித்தாள். ஒக்னியானின் தலை மேலே போய்க் கீழே வந்தது. ஒரே ஒரு தடவை. படம் அப்படியே உறைந்தது. பிறகு அழைப்பு அறுந்தது.

எங்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் தலை பக்கவாட்டில் ஆடும். இல்லை என்றால் தலை மேலே ஒரு வெட்டு வெட்டும், கூடவே நாக்கு ‘ச்சு’ என்று ஒரு சத்தம் போடும். ஜெர்மனியில் இதெல்லாம் தலைகீழ். பதினோரு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்த ஒக்னியானுக்குத் தலை எந்த ஊரில் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. வந்த புதிதில் ரொட்டிக் கடையில், “இது வேணுமா?” என்று கேட்டதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டி, கடைக்காரி ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்ட கதையை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. மூன்று வருடத்தில் பெரும்பாலும் திருந்திவிட்டான். பெரும்பாலும்தான். வெனெத்தா கொடுத்த பட்டியலில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லும் உண்டு.

அந்த ‘ச்சு’ கேட்டிருந்தால் போதும். சத்தம்தான் இல்லையே. திரும்பத் திரும்ப அழைத்தாள். கிடைக்கவில்லை. எங்கள் ஊர்த் தலையாக இருந்தால் அணை திறக்கவில்லை. ஜெர்மன் தலையாக இருந்தால் இன்னும் இருபத்தேழு நிமிடத்தில் அணைக்கதவு திறக்கும். முதலாவதை இரண்டாவதாகப் படித்தால் இன்னொரு தடவை ஊர் ஓடும், இன்னொரு கால் முறியும், அதற்குப்பின் அவள் இந்த ஊரில் முகம் காட்ட முடியாது. இரண்டாவதை முதலாவதாகப் படித்தால்? அதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆலைக்குக் கீழே தணல் பக்கத்தில் உட்கார்ந்து, விறைத்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டு கம்பியைத் திருப்புகிற ஒருவன் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றான்.

நேருக்கு நேர் நிற்கும்போது ஒக்னியான் எங்கள் ஊர்க்காரன்தான். ஆனால் திரையைப் பார்த்து ஜெர்மனியிலுள்ள பழைய கூட்டாளிகளோடு பேசும்போது? அப்போது தலை மேலும் கீழும்தான் ஆடும், அடுத்த மேசையிலிருந்து அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இப்போதும் அவன் திரையைத்தான் பார்த்தான். திரை என்றால் அவன் ஜெர்மன்காரன். அப்படியானால் ஆமாம்.

இந்தக் கணக்குச் சரிதானா என்று இன்னொரு தடவை யோசித்திருந்தால் அவள் கை ஓடியிருக்காது. ‘இன்று பன்னிரண்டு மணிக்கு அணைக்கதவு திறக்கப்படுகிறது. புல்வெளியில் உள்ள அனைவரும் உடனே சாலைக்கு ஏறவும்.’ இணைத்தாள். இயந்திரம் ஓடியது. சொற்சோதனை, பச்சை. பக்கம் கட்டுதல் என்ற வரியில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகச் சுற்றிய வட்டம் வேறு கிடையாது. ‘பழைய பேருந்துகூட இதைவிட வேகமா வரும், சனியனே’ என்று திரையைத் திட்டினாள். பதினொன்று முப்பத்தொன்பதுக்குப் பச்சை விழுந்தது. அவள் கைப்பேசியே முதலில் மணியடித்தது, அவளுடைய அறிவிப்பைத் தாங்கிக்கொண்டு.

மூன்று நிமிடம் கழித்து ஸ்தாமென் கூப்பிட்டான்.

“என்னக்கா, மறுபடியுமா? போன வருஷம் என் கால். இந்த வருஷம் என் ஆடு. அடுத்த வருஷம் என்ன, மூக்கா?”

“ஸ்தாமென், மேல ஏறு. பக்கத்துல இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஏறு.”

“ஆடு வேக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. இங்க ஒருத்தனும் நகரல. ‘ஒருவேளை’ அக்கா அனுப்பிட்டான்னு சொல்லி அடுத்த கிண்ணம் ஊத்துறானுங்க.”

“டேய், தண்ணி வருதுடா!”

“உறுதியாவா?”

“தளத்துல போட்டிருக்கேன்ல?”

“தளத்தைக் கேக்கலக்கா, உன்னைக் கேக்குறேன். மித்யு அண்ணன் உன்கிட்ட வாயைத் திறந்து சொன்னாரா?”

முப்பது வருடமாக ஊருக்கு அறிவிப்பு எழுதியவள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளால் முடியவில்லை.

“இல்லடா. லைன் போயிடுச்சு. ஒக்னியான் முகம் மட்டும் வந்துச்சு, சத்தம் வரல. திறக்கிறீங்களான்னு எழுதிக் காட்டினேன். தலையாட்டினான்.”

“எப்படி ஆட்டினான்?”

“மேலயும் கீழயும்.”

“அட கடவுளே! அப்ப இல்லைன்னுல்ல சொல்லியிருக்கான்?”

“இல்லடா, திரையைப் பார்த்தா அவன் ஜெர்மன்காரன் மாதிரிதான்... எனக்குத் தெரியல ஸ்தாமென். சத்தியமா தெரியல. நீ மேல ஏறிடுடா. ஏறிடு.”

அவன் கைப்பேசியை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு, ஆலை எதிரொலிக்கும்படி கத்தினான்: “எந்திரிங்கடா எல்லாரும்! ஒக்னியான் தலையாட்டிட்டானாம்! ஜெர்மன் தலையாட்டல்!” பல குரல்கள் சிரித்தன. சிரித்துக்கொண்டே யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தமும் கேட்டது. ஒக்னியானின் தலையைப் பற்றித் தெரியாதவர்கள் யாவொர்னாவில் கிடையாது, அந்தக் கத்தல் கம்பளத்துக்குக் கம்பளம் தாவிப் போகும். அழைப்பு நின்றது.

வெனெத்தா அலுவலகத்தைப் பூட்டாமலே ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில், வேலைக்குப் போடும் குதிகால் செருப்போடு, ஆற்றுச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர். போகப் போக ஆட்கள் மேலே ஏறி வந்து சாலையோரம் நிற்பது தெரிந்தது. ஒருவர் கையில் கம்பளம், ஒருவர் கையில் தயிர்ச்சட்டி. முறைப்பு மட்டும் எல்லோரிடமும் ஒன்றுபோல் இருந்தது. நகரத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்தாமென் இன்னும் மேட்டில் பாதியில்தான் இருந்தான். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு அடித்தது. ஆறு எப்போதும்போலக் கூழாங்கல் தெரிய ஓடியது. பன்னிரண்டு ஐந்து. “ஒருவேளை நாளைக்குப் பன்னெண்டு மணியோ என்னவோ” என்றாள் ஒருத்தி, கூட்டம் சிரித்தது. பன்னிரண்டு பத்துக்குச் சிலர் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பக் கீழே இறங்கத் தொடங்கினார்கள். “இறங்காதீங்க! அணைத் தண்ணி இங்க வர நேரம் ஆகும், கொஞ்சம் பொறுங்க!” என்று வெனெத்தா கத்தினாள். அவள் குரலை அவளே நம்பவில்லை. வெட்கத்தில் காது எரிந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்று நினைத்தாள்.

முதலில் நாய்கள்தான் குரைத்தன. பிறகு ஆற்றின் வளைவுக்கு மேலிருந்து லாரி மண் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கியவர்கள் திரும்பி மேலே ஓடி வந்தார்கள். பழுப்பு நிறத் தண்ணீர், மரக்கிளைகளும் கல்லுமாக, வளைவில் திரும்பிப் புல்வெளி முழுக்கப் பரவியது. மேசைகள் போயின, ஊஞ்சல் கட்டிய கம்பம் போனது, ஆலைக்குக் கீழே ஸ்தாமெனின் ஆடு கம்பியோடும் குழியோடும் போனது. அவன் கடைசி மூன்று எட்டை ஏறிச் சாலையில் கால் வைத்தபோது, அவன் உட்கார்ந்து ஆடு சுட்ட இடத்தில் தண்ணீர் ஒரு ஆள் உயரம் இருந்தது. சாலையில் நின்ற ஒரு குழந்தை “நம்ம ஆடு நீந்துது” என்றது.

ஒலிப்பானை அழுத்திக்கொண்டே ஒரு கார் மேலிருந்து வந்து நின்றது. ஒக்னியான் கதவை மூடாமல் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. கரையைப் பார்த்தான், சாலையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். தலைகளை எண்ணுகிறவன்போல உதடு அசைந்தது.

“எல்லாரும் இருக்கீங்களா? எல்லாரும்? யாரு சொன்னது உங்களுக்கு?”

“நீதான்டா சொன்ன” என்றார் நகரத் தலைவர். “தலையாட்டினியாமே.”

“நானா? யாருக்கு?”

“வெனெத்தாவுக்கு. கைப்பேசியில.”

ஒக்னியான் அவளைத் திரும்பிப் பார்த்தான். “எனக்குப் படமே வரலக்கா. திரை கறுப்பா இருந்துச்சு. பக்கத்துல நின்ன மித்யு அண்ணன், ‘லைன் கிடைச்சுதா’ன்னு கேட்டார். கிடைக்கலன்னேன். அணை தாங்காது, பன்னெண்டுக்குத் தூக்கியே ஆகணும்னார். காரை எடுத்துக்கிட்டு வந்தேன், வழியில பாறை சரிஞ்சு கிடந்துச்சு, அதைத் தள்ளிட்டு வர்றதுக்குள்ள...” கிடைக்கலன்னேன் என்று சொல்லும்போது அவன் தலை மேலே ஒரு வெட்டு வெட்டி, நாக்கு ‘ச்சு’ என்றது. சுத்தமான எங்கள் ஊர் ‘இல்லை’.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுகிற மாதிரி சிரித்தார்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெனெத்தா சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். அவள் அந்தத் தலையைச் சரியாகப் படித்திருந்தால் ஒன்றும் அனுப்பியிருக்க மாட்டாள். கணக்கெல்லாம் தப்பு. திரையாவது, ஜெர்மனியாவது. முட்டாள்தனமாகப் போட்ட கூட்டல் தற்செயலாகச் சரியாக வந்திருந்தது.

ஸ்தாமென் கைத்தடியை ஊன்றி வந்து, முனகிக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். விறைத்த காலை நீட்டிப் போட்டுக்கொண்டான்.

“நான் தப்பாத்தான்டா படிச்சேன்” என்றாள். “சரியா படிச்சிருந்தா நீ இப்ப...”

“அவன் தலை எந்தப் பக்கம் ஆடினா எனக்கென்னக்கா? நான் அதுக்கா எந்திரிச்சேன்?”

“பின்ன?”

“அப்பா செத்த அன்னிக்குக்கூட, வீட்டு வாசல்ல நின்னு ‘தெரிவித்துக்கொள்கிறோம்’னு அறிவிப்பு மாதிரி பேசினவ நீ. முப்பது வருஷமா உன் வாயிலிருந்து தெரியலன்னு ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல. இன்னிக்குச் சொன்ன. குரல் நடுங்குச்சு. சரி, அக்கா பயந்துட்டா, கிளம்புவோம்னு கிளம்பினேன்.”

வெனெத்தா அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, ஓவென்று அழுதாள்.